நான் கட்டிய இரண்டு முழ மதில்

எழுபதுகளின் தொடக்கத்தில், நானும் என் நண்பனும் தோளில் பையைக் கொழுவிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டோம். மூன்றாம் நாள் நெடுந்தீவு. அடுத்த நாள் காலை யாழ்ப்பாணத்தில் எனக்கு நேர்முகப் பரீட்சை. கட்டடப் படம் வரையும் வேலை. பின்னேரம் திரும்பும் இயந்திரப் படகை, அந்த லோஞ்சைத் தவறவிட்டால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

இடிந்த கோட்டையைப் பார்த்தோம். ஆனால் எனக்கு ஊரே கோட்டையாகத்தான் தெரிந்தது. வீடு, தோட்டம், ஒடுங்கிய ஒழுங்கைப் பாதை எல்லாவற்றையும் சுற்றிக் கடற்கல்லில் அடுக்கிய மதில்கள். சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை. "இதெல்லாம் ஒரு மதிலே? தட்டினால் விழுந்திடும்" என்று நண்பனுக்கு விரிவுரை நடத்தினேன். படித்த திமிர், வேறென்ன!

திரும்பும்போது ஒழுங்கைகளுக்குள் வழி தவறிவிட்டோம். ஒரு தோட்டத்து மதிலுக்கு அப்பால் இறங்குதுறை தெரிந்தது. குறுக்கே போகலாமென்று நான்தான் மேல்கல் நாலைந்தை இழுத்தேன். இரண்டு முழ அகலத்துக்கு மதில் பொலபொலவென்று சரிந்தது. ஒழுங்கையில் மேய்ந்துகொண்டிருந்த மட்டக்குதிரை ஒன்று எங்களை முந்திக்கொண்டு உள்ளே பாய்ந்து மிளகாய்க் கன்றுகளை மிதித்தது.

ஒரு பெண் தடியோடு ஓடி வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். குதிரையைத் துரத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"பிரிச்சவர்தான் அடுக்க வேணும். அதுதான் இஞ்சத்தை முறை. இப்பிடியே விட்டிட்டுப் போனீரெண்டால் விடியிறதுக்குள்ளை ஒரு கண்டும் மிஞ்சாது."

"லோஞ்சு போயிடும். நாளைக்கு எனக்கு நேர்முகப் பரீட்சை இருக்கு" என்று கெஞ்சினேன்.

"என்ன வேலைக்கு?"

"கட்டட வேலைக்கு" என்று நண்பன் முந்திக்கொண்டான். பாவி! அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தோட்டத்துக்குள் நின்று வெட்கத்தோடு அடுக்கத் தொடங்கினேன். இரண்டு தரம் சரிந்தது. அவள் கல்லைத் தொடவேயில்லை. "பெரிசைக் கீழை வையும். ஆடுற இடத்திலை சின்னக் கல்லைச் செருகும்" என்று வாயால் மட்டும் சொன்னாள். நண்பன் கல் எடுத்துத் தந்தான். விரல்கள் கிழிந்தன. மூன்றாம் தரம் மதில் நின்றது. அந்த நேரம் பார்த்து லோஞ்சின் இயந்திரச் சத்தம் கேட்டது. ஓடினாலும் பிடிக்க ஏலாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் அடுக்கிய மதிலின் மேல் ஏறினாள். சரியப்போகிறதென்று நான் கையை நீட்டினேன். ஒரு கல்கூட அசையவில்லை! தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வீசி, "அண்ணை, பொறுங்கோ! இன்னும் ரெண்டு பேர் வருகினம்!" என்று இறங்குதுறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள். லோஞ்சு நின்றது.

"ஓடுங்கோ!" என்று எங்களைத் துரத்தினாள். தோட்டத்தின் மற்றப் பக்கத்துப் படலைக் கதவைத் திறந்து பாய்ந்து ஓடி லோஞ்சில் ஏறிவிட்டோம். திரும்பிப் பார்த்தபோதும் அவள் மதிலின் மேலேயே நின்றாள். கிழிந்த விரல்களோடு மறுநாள் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். வேலை கிடைத்தது.

அதன்பிறகு எத்தனையோ கட்டடங்களுக்குப் படம் வரைந்துவிட்டேன். ஆனாலும் 'இது நான் கட்டியது' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இன்றும் என்னிடம் இருப்பது, ஒருத்தி ஏறி நின்றும் சரியாத அந்த இரண்டு முழ மதில்தான்.