கழற்றாத கண்ணாடி

பழுப்புச் சட்டமிட்ட தடித்த கண்ணாடி அது. அவிநாசி சாலையில் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்த எங்கள் டாக்டரம்மாவின் மூக்கில் எப்போதும் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் அங்கே நர்ஸ். காத்திருப்பவர்களுக்காக வெளியே ஒரு டிவி ஓடிக்கொண்டே இருக்கும். சீரியல் டாக்டர்களுக்கு ஒரே வேலைதான்: கதவைத் திறந்து வந்து, கண்ணாடியைக் கழற்றி, தலையைக் குனிவது. உடனே இடி இடிக்கும், குடும்பமே அலறும். ஒரு ஊசி போட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் டாக்டரம்மாவின் கண்ணாடியில் ஆவி படியும். ஒரு மத்தியானம் அதைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். உள்ளே படுத்திருந்தவருக்கு வெறும் மயக்கம், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மனைவியோ ஐயோவென்று தரையில் விழுந்து புரண்டாள். "ஏனுங்க, நல்லாத்தானுங்க இருக்காரு!" என்று டாக்டரம்மா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அன்றிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடியில் கை வைக்கமாட்டார். ஆவி படிந்த கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். நாங்கள் வாயைப் பொத்திச் சிரிப்போம். "சிரிங்க கண்ணு, சிரிங்க. டிவிக்காரன் என்னையக் கண்ணுந் தெரியாம பண்ணிப்போட்டான்" என்பார்.

பிறகொரு நாள் பனியன் கம்பெனி டெய்லர் ஒருவரை நெஞ்சு வலியென்று தூக்கி வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். அதே கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் அவர் மனைவி, தலையெல்லாம் பஞ்சோடு பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டரம்மா நெஞ்சை அழுத்தி அழுத்திக் களைத்துப்போனார். உயிர் திரும்பவில்லை.

அவர் வெளியே வந்தபோது கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்துவிட்டது. டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவோ பார்த்தேன் கண்ணு. காப்பாத்த முடியல" என்றார்.

அவள் நம்பவில்லை. "நீங்க கண்ணாடியக் கழத்தவே இல்லியே டாக்டரம்மா. அவுக நல்லாத்தான இருக்காக?"

டாக்டரம்மா மெல்லக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள்.

இப்போதும் டிவியில் டாக்டர் கண்ணாடியைத் தொட்டாலே, "போச்சு, ஆள் அவுட்டு" என்கிறாள் என் மகள். எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த டாக்டர்கள் கழற்றிய கையோடு நடந்து போய்விடுகிறார்கள். எங்கள் டாக்டரம்மா, அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்கள் வரும்வரை எழுந்திருக்கவில்லை. கண்ணாடி அவர் மடியிலேயே கிடந்தது.