நாலு மணி என்று சொன்ன பக்கம்

2008ஆம் ஆண்டு மழைக்காலம். கேகாலைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா இறந்துபோன செய்தி, கொழும்பில் வேலை பார்த்த எனக்குச் சாயங்காலம் வந்தது. அப்பா அம்மா இல்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் மேல் போர்த்த வேண்டியவன் நான் ஒருவன்தான்.

"நாளைக்கு ரப்பர் பால்வெட்டு முடிஞ்சாதான் ஆளுங்க வருவாங்க. நேரத்த சைட்ல போடச் சொல்றேன், பாத்துக்கப்பா" என்றார் மச்சான். யுத்தகாலச் சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து இரவில் நான் கிளம்பவில்லை.

கேகாலை டவுனில் கொமியுனிகேஷன் என்கிற போன், இன்டர்நெட் கடை வைத்திருந்த என் நண்பன் நடத்திய இணையத்தளம்தான் அந்த சைட். சாவு, கல்யாணம், திருவிழா என்று தோட்டத்துச் செய்தியெல்லாம் அதில் வரும். திறக்கும்போதெல்லாம் பக்கத்தைப் புதிதாகத் தயாரித்துக் கொடுப்பதால் ஆமை வேகம். "உன் சைட் தொறக்குறதுக்குள்ள டீ ஆறிப்போகுதுடா" என்று ஓயாமல் கிண்டல் செய்தவன் நான்தான். பொறுக்க முடியாமல் 'கேஷிங்' போட்டான். "சுட்டு வச்ச வடைய எடுத்துக் குடுக்கிற மாதிரிடா. ஒருக்கா செஞ்ச பக்கத்த அப்படியே வச்சுக்கிட்டு எல்லாருக்கும் காட்டும்" என்றான்.

மறுநாள் காலை, நெட் கஃபேயில் கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்தது. நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்று போட்டிருந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடை திறக்கும்வரை நின்று, அக்காவுக்குப் பிடித்த மஞ்சளில் சேலை வாங்கினேன். திரும்பவும் பார்த்தேன், நாலு மணிதான். வழியில் வரக்காப்பொலையில் பஸ் நின்றபோது இறங்கி டீ கூடக் குடித்தேன்.

அக்கா குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, மயானத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள்.

விடிய முன்பே பிடித்த மழையாம். மழையில் பால் வெட்ட முடியாது, ஆட்கள் எல்லோரும் லயத்தில்தான் இருந்தார்கள். மயானத்து வழியில் இருந்த ஓயா ஆற்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால், பன்னிரண்டு மணிக்கே எடுப்பதென்று காலையிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

"சைட்ல மாத்திப் போடச் சொன்னோமேப்பா, பாக்கலையா?" என்றார் மச்சான். பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் தம்பி முறைக்கு நின்று கோடி போட்டாராம்.

"நான் பாக்குறப்ப மாறியிருந்துச்சேடா" என்று நண்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தளத்துக்குள் நுழைந்து வேலை செய்கிற அவனுக்கு மட்டும் புதுப் பக்கம் தெரிந்திருக்கிறது. எங்களுக்கெல்லாம் கேஷிங் எடுத்து வைத்திருந்த பழைய பக்கம்தான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேகம் வேகம் என்று அவனை அரித்தெடுத்தவன் நான். கிளம்பும் முன் மச்சானுக்கு ஒரு கோல் எடுக்க எனக்கும் தோன்றவில்லை, சைட்டில் இருக்கிறதே என்று அவரும் இருந்துவிட்டார். அந்த மஞ்சள் சேலை மடிப்புக் கலையாமல் இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. என் அக்காவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனதை நினைத்தால், அன்று குடித்த அந்த டீ இன்றைக்கும் தொண்டையில் கசக்கிறது.