கலைத்தவரே அடுக்கட்டும்

தலைநகர் புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்த்துவிட்டு, அதே ஒன்றியப் பிரதேசத்தின் தொலைதூர மூலையான காரைக்காலுக்கு வந்திருக்கிறேன். நான் ஏறிய நாகூர் பேருந்து எல்லைச் சாவடியில் நிற்கிறது. தமிழ்நாட்டுக்குள் மது பாட்டில் போகிறதா என்று இங்கே சோதிப்பார்கள். காவலர் ஒருவர் ஏறி, என் முன்னால் இருக்கும் கருக்களாச்சேரி மீன்காரம்மாவின் அன்னக்கூடைக்குள் கைவிட்டுத் துழாவுகிறார். ஐஸுக்கு அடியில் இருப்பதும் மீன்தான். "சரி, போகலாம்" என்று நிமிர்கிறார்.

அந்தம்மா கூடையைத் தொடவில்லை. "இருந்த மாதிரியே அடுக்கி வச்சுட்டுப் போங்க சார். தல எல்லாம் ஒரே பக்கம் இருக்கணும்."

"பஸ் நிக்குதும்மா."

"நிக்கட்டுங்க. கலஞ்ச மீன நாகூர்ல யாரு வாங்குவா?"

கண்டக்டர் விசிலைத் தொடவே இல்லை. காவலர் குனிந்து சங்கரா மீன்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஒன்றின் தலை மாறிப்போகிறது. அந்தம்மா விரலால் காட்ட, திருப்பி வைக்கிறார்.

"தெனமும் இப்படித்தானாம்மா?" என்று கேட்கிறேன்.

"புதுசா வர்றவருக்கு மட்டுந்தான். பழைய ஆளுங்க கலைக்கவே மாட்டாங்க."

காவலர் அடுத்து என் பையைத் திறக்கிறார். சட்டைகளை இருக்கையில் வாரிப் போட்டுவிட்டு நகரப் பார்க்கிறார். வழக்கமாக நானே அள்ளித் திணித்துக்கொள்வேன். இன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"மடிச்சு வச்சுட்டுப் போங்க சார்."