டிரெசர் சார் வாங்கிய குத்து

மாணிக்கம் சார் போய்விட்டார். ரவாங்கில் இருக்கும் தங்கை காலையில் போன் பண்ணிச் சொன்னாள்...

எண்பதுகளில் புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் எஸ்டேட் கிளினிக்கில் டிரெசர் அவர். ஊசி, மருந்து, கட்டு எல்லாம் அவர்தான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, முப்பத்திரண்டு கிலோ. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து சீலியாக் என்றார்கள். கோதுமையே ஆகாதாம். ரொட்டி, பிஸ்கட், சப்பாத்தி எல்லாம் stop.

ஆறு மாதம் ஆகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மறுபடி சதை எடுத்தார்கள், குடல் அப்படியேதான் இருந்தது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், முகம் மட்டும் வீங்கியது. இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மருந்து கேக்கலன்னா வேற என்னாண்ணே? ஒங்க மக திருட்டுத்தனமா ரொட்டி சானாய் திங்குது லா."

அப்பாவிடம் இதைச் சொன்னவர் இதே மாணிக்கம் சார்.

அப்பா பெல்ட்டை உருவினார். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவளை... முதுகு, கால், வாய். ஒரு பல் போனது.

"எங்கடி தின்ன? சொல்லு."

நான் எங்கேயும் தின்னவில்லை. என் அலறல் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது, ஒருவரும் வரவில்லை.

மறுநாள் கட்டுப் போட வந்த சார் என் முதுகைப் பார்த்தார். அம்மா எனக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தார். வயிற்றுக்கு நல்லதென்று பெருங்காயத்தூளைத் தாராளமாகப் போட்டு, தினம் மூன்று வேளை.

சார் டப்பாவை வாங்கி லேபிளைப் படித்தார். பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. டப்பாவை அப்படியே வெளியே கால்வாயில் விட்டெறிந்தார்.

சாயங்காலம் அப்பா வரும்வரை வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, புள்ள மேல தப்பில்ல. பெருங்காயத்துல கோதும மாவு கலந்திருக்கு. நான்தான் விசாரிக்காம சொல்லிட்டேன்."

என் முகத்தைப் பார்க்க முடியாத அப்பா, சார் முகத்தில் ஓங்கிக் குத்தினார். கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம்... சார் கையைத் தூக்கவே இல்லை.

ஸ்டாஃபை அடித்தால் தோட்டத் தொழிலாளியான அப்பாவுக்கு அன்றைக்கே வேலையும் வீடும் போய்விடும். மேனேஜரிடம் சார், "மோட்டார் சைக்கிள்ல விழுந்துட்டேன்" என்றாராம்.

மூன்று மாதத்தில் எட்டு கிலோ ஏறினேன்.

உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன், சார். நேரில் வந்து சொல்லாமல் விட்டது என் தப்பு. அப்பா சாகும்வரை என்னிடம் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போய் வாருங்கள். அங்கே அவரைப் பார்த்தால் அந்தக் குத்தைத் திருப்பிக் கொடுங்கள்... எனக்காக இன்னொன்றும்.