நாலடி தள்ளி நின்றவர்

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் மேல்மாடியில் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் இருந்தார். கொழும்பு கிராண்ட்பாஸ் பொலிஸிலும் பிறகு ஐ.நா. அமைதிப்படையோடு யுத்தம் முடிந்த வெளிநாடுகளிலும் வேலை பார்த்தவர். நெடிய ஆள். எங்கள் வீட்டு மணியை அடித்ததும் நாலடி பின்னால் போய், இரண்டு கையும் தெரிய வெளிச்சத்தில் நிற்பார்.

"ஏன் சேர், பிடிபட்ட கள்ளன் மாதிரி நிக்கிறீங்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எத்தினை கதவை உதைச்சுத் திறந்தனான், தம்பி. எந்த நாட்டிலயும் உள்ள நிண்ட பிள்ளையள் ஒரே மாதிரித்தான் பாத்ததுகள். இப்ப உள்ள இருக்கிறவை என்னை வடிவாப் பாக்கட்டும்; பயமெண்டால் திறக்காம இருக்கட்டும்."

ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. உள்ளே விட்டால் இரண்டு மணித்தியாலம் கதைப்பாரே என்ற அலுப்பில், கதவுத் துளையால் பார்த்தும் நான் திறக்கவில்லை. உள்ளே ரிவி வெளியே கேட்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு மெல்ல இறங்கினார். ஜன்னலால் பார்த்தால், கீழே அவருடைய சாமான் ஏற்றிய லொறி நின்றது. போய்வருகிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்.

எனக்கு வெறும் அலுப்புத்தான். பயம் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்.