கடலைத் தாண்ட ஒரு பந்து: டொமினிக்கன் கரையில் இரண்டு மைதானங்கள்

ஒஸ்லோ மைதானங்கள் பனிக்கடியில் கிடந்த பெப்ரவரியில், நானும் அத்தையின் மகள் சிந்துவும் புன்டா கானாவில் போய் இறங்கினோம். புகழ்பெற்ற இரண்டு கடலோரக் கோல்ஃப் மைதானங்களை ஒப்பிடுவது என் திட்டம். சிந்துவுக்கு ஒரே ஆசை: தான் அடிக்கும் பந்து கடலின் மேலாகப் பறந்து அக்கரைப் புல்லில் நிற்க வேண்டும். மூன்று குளிர்காலமாக உள்ளரங்கில் பந்தடித்துப் பழகும் கணினித் திரையில் மட்டுமே அவள் கடல் தாண்டியிருக்கிறாள்.

முதல் நாள் விளையாடியது புன்டா கானா மைதானத்தில். அகலமான புல்வெளி, வெள்ளை மணல், பிழைவிட்டாலும் மன்னிக்கும் தரை. முடியும் தறுவாயில்தான் கடல் குறுக்கே வந்தது. மைதானத்தின் அட்டையில் தூரம் 140 என்றிருந்தது. சிந்துவை நீளமான மட்டையை எடுக்கச் சொன்னேன். பந்து கடலைத் தாண்டியது, புல்லையும் தாண்டியது, பாறையில் மோதி மறுபக்கக் கடலில் விழுந்தது.

அட்டையை மறுபடி பார்த்தேன். தூரமெல்லாம் மீற்றரைவிடக் குறைந்த யார்டில்! நோர்வேயில் மீற்றரில் விளையாடிப் பழகிய நான் யோசிக்கவே இல்லை.

“மச்சாள், நீ உண்மையா எஞ்சினியர்தானோ?”

“ஓம். பாலம் கட்டுறனான்.”

“அப்ப அந்தப் பாலத்திலை நான் போகமாட்டன்.”

மறுநாள் காரில் ஒரு மணி நேரம் மேற்கே, லா ரோமானா. இந்த மைதானம் பழையது. கறுத்த பவளப் பாறைகள், காலடியில் அலை, விடாத காற்று. ஆறுதலாக விளையாட விரும்புவோருக்கு முதல் மைதானம். நெஞ்சு படபடக்க வேண்டுமென்றால் இதுதான்.

இங்கே கடல் தாண்ட 155 யார்டு. “142 மீற்றர்” என்றேன்.

“நீ வாயைத் திறக்காதை.”

சிந்து இடப்பக்கம் திரும்பி, திறந்த கடலைப் பார்த்து நின்றாள்.

“எங்கையடி அடிக்கிறாய்? அது கடலெல்லோ!”

“காத்து கொண்டுவரும்.”

அடித்தாள். பந்து கடலுக்கு மேலே போய், மெல்ல வலப்பக்கம் சாய்ந்து, புல்லின் ஓரத்தில் விழுந்து, உருண்டு, நின்றது. எங்கள் பைகளைச் சுமந்து வந்த மிகேல் தொப்பியை மேலே எறிந்தார்.

கிட்டப் போனதும், குழிக்குள் தட்டிவிடும்படி அவர் சைகை காட்டினார். சிந்து மட்டையை எடுக்கவில்லை.

“கொஞ்சம் நிக்கட்டும்” என்றாள்.

பின்னால் வந்தவர்களைக் கைகாட்டி முன்னே போகவிட்டு, அந்தப் பந்தைப் பார்த்தபடி நின்றோம்.