பீரோவில் ஒட்டிய ஆதார்

புத்தாண்டுக்குக் கப்பலில் போகலாம் என்று முதலில் சொன்னது என் கணவர். சென்னையில் ஏறி, கடலில் இரண்டு ராத்திரி சுற்றிவிட்டு, மறுபடி சென்னையிலேயே இறங்குகிற உல்லாசக் கப்பல். என் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போவதாகத் திட்டம்.

அப்பாவுக்குத் தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் கடை. கயிறு, பெயிண்ட், சங்கிலி. கப்பல்களுக்குச் சரக்குக் கொடுத்தே எங்களை வளர்த்தவர். நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலைத் தூரத்திலிருந்து பார்த்து, "அந்தக் கயிறு ஆறு மாசம் தாங்காது" என்பார். ஆனால் பயணியாக ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. சரக்கை இறக்கிக் கொடுத்துவிட்டு ஏணியடியிலிருந்தே திரும்பிவிடுவார்.

ஆறுமுகநேரியில் இருக்கிற அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, விஷயம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே எனக்குப் போன்.

"ஏளா, எல்லாரும் கப்பலுக்குப் போறியளாமே. நான் மட்டும் இங்கன உப்பளத்துக்குக் காவல் கெடக்கவா?"

அத்தையின் கணவர், எங்கள் மாமாவுக்குக் குளத்துத் தண்ணீரைக் கண்டாலே தலை சுற்றும். அவர் வரவில்லை. அத்தையையும் சேர்த்து ஐந்து பேருக்குச் சீட்டு எடுத்தோம்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. கப்பல்காரர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அரசு கொடுத்த, புகைப்படம் உள்ள அடையாள அட்டை வேண்டும்; நகல் செல்லாது, அசல்தான் வேண்டும்; சீட்டில் இருக்கிற பெயர்தான் அட்டையிலும் இருக்க வேண்டும். என் கணவர் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர். எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கையில் இருக்கிற அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து அட்டைகளைப் பரப்பினோம். அப்பா முதலில் வைத்தது துறைமுகத்துக்குள் போய்வருகிற பாஸ். கழுத்தில் மாட்டுகிற நீலப் பட்டையோடு.

"மாமா, இது செல்லாது" என்றார் என் கணவர்.

"ஏன் செல்லாது? கப்பல்ல ஏறத்தான போறோம். கப்பல் எங்கன நிக்கும்? துறைமுகத்துல. இது என்ன பாஸ்? துறைமுகப் பாஸ்."

"இது தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாமா. நாம ஏறுறது சென்னைல."

"கடல் ஒண்ணுதான மாப்ள?"

கணக்குப் பேராசிரியர் பாஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஆதாரை எடுங்கள் என்று மட்டும் சொன்னார். அப்பா மனமில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அவர் அதை யாருக்கும் காட்டமாட்டார். படம் எடுக்கிற நேரத்தில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. கண் இரண்டும் இறுக மூடி, மூக்கு சுருங்கி, வாய் பாதி திறந்திருக்கும். மாற்றிக்கொள்ளலாம் என்று எத்தனையோ தடவை சொல்லியும், அதற்கும் வரிசையில் நிற்க வேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டார்.

அம்மா எடுத்து வைத்தது ரேஷன் அட்டை.

"அத்தை, ஆதார் இருக்குல்லா?" என்று அம்மாவிடம் கேட்டார் என் கணவர்.

"இருக்கு. ஆனா இதுல என்ன போட்டிருக்கு, வாசிங்க."

"குடும்பத் தலைவர்."

"படம் யாரு படம்?"

"உங்க படம்."

"அவ்வளவுதான்" என்று அம்மா கையைக் கட்டிக்கொண்டாள். "நாலு பேரு கூடுற எடத்துல இதத்தான் காட்டணும்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அட்டை வந்த நாளிலிருந்தே அவருக்கு அதன்மேல் வருத்தம்.

அத்தை தன் வாக்காளர் அட்டையை நீட்டினாள். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். பாலினம் என்ற இடத்தில் 'ஆண்' என்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாதான் தனக்கும் தங்கைக்கும் சேர்த்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாராம். ஒரே வேகத்தில் இரண்டு தாளிலும் ஒரே கட்டத்தில் கோடு போட்டிருக்கிறார்.

"இத இத்தன வருசமா யாரும் கேக்கலயா அத்தை?"

"யாரு கேக்கா? ஓட்டுப் போடப் போனா மையத் தொட்டு வைக்கானுவ. நானும் போட்டுட்டு வாரேன்."

"கப்பல்ல கேப்பாங்க."

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

அதைச் சொல்லவிடுகிற தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை. ஆதார் எங்கே என்று கேட்டோம். வீட்டில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அம்மா அட்டையையும் அப்பா அட்டையையும் பக்கத்தில் வைத்து, தலையைச் சொறிந்தார்.

"மூணு பேருமே ஜனவரி ஒண்ணாம் தேதி பொறந்திருக்கீங்க."

"தேதி தெரியாதுன்னா அதத்தான போடுவாங்க" என்றாள் அம்மா.

"அது சரி. ஆனா இதுப்படி இவங்க மாமாவுக்கு மூத்தவங்க."

அத்தைக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆதார் எடுக்கப் போன அன்று முட்டுவலி அதிகமாம். வயது என்ன என்று கேட்டபோது, வலிக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏலே தம்பி, அந்தத் தண்ணிச் செம்ப எடு" என்றாள் அப்பாவிடம்.

அப்பா தன்னையறியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் கோபம் வந்தது.

எல்லோரும் ஆதார்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவழியாக முடிவானது. அத்தையின் ஆதாரை வாங்கிவர நானும் கணவரும் ஆறுமுகநேரிக்குப் போனோம். அத்தை பீரோவைத் திறந்து கதவின் உள்பக்கத்தைக் காட்டினாள். ஆதார் அங்கே இருந்தது, நான்கு மூலையிலும் நடுவிலும் பசை போட்டு இரும்புக் கதவோடு ஒட்டியபடி.

"களவு போயிரக் கூடாதுல்லா" என்றாள்.

"ஏதாவது வேலைக்குக் கேட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"போன்ல படம் பிடிச்சுக் குடுப்பேன். இல்லன்னா அவுகள இங்கன வரச் சொல்லுவேன்."

புது அட்டைக்கு எழுதிப்போட நாள் போதாது. கதவைக் கழற்றிவிடலாம் என்று அத்தையே யோசனை சொன்னாள். ஸ்குரூ டிரைவரைக்கூட எடுத்து வந்துவிட்டாள். பீரோக் கதவோடு கப்பல் ஏற வந்து நிற்கிற குடும்பத்தை நினைத்துப் பார்த்தேன். என் கணவரும் நினைத்திருக்க வேண்டும். வெந்நீர் கேட்டார். துணியை நனைத்து ஒற்றி, தோசைக் கரண்டியை ஓரத்தில் கொடுத்து, மாமா டார்ச் அடிக்க, மத்தியானம் முழுவதும் சுரண்டினார். அட்டை கிழியாமல் வந்தது. ஆனால் பின்பக்கம் முழுக்க பீரோவின் பச்சைப் பெயிண்டோடு வந்தது. அத்தைக்குக் கதவைப் பற்றித்தான் கவலை.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் கணவர் எல்லா அட்டைகளுக்கும் கலர் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆளுக்கொரு கவர் தயார் செய்தார். ஒவ்வொரு கவரிலும் அசல் ஒன்று, நகல் இரண்டு. அம்மாவுக்கு அந்தக் கவர்மேல் நம்பிக்கை இல்லை. வீட்டில் இருந்த மற்ற அட்டைகளை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டு அலமாரியையும் விடவில்லை.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"கெடக்கட்டும். சோறா கேக்குது?"

சென்னைத் துறைமுகத்தில் நீண்ட வரிசை. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், கழுத்தில் துறைமுகப் பாஸோடு நின்றார். எவ்வளவு சொல்லியும் கழற்றவில்லை. பின்னால் நின்ற இரண்டு பேர் அவரைக் கப்பல் ஊழியர் என்று நினைத்துக் கழிவறைக்கு வழி கேட்டார்கள். அப்பா வழியும் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண். முகத்தில் சிரிப்பே இல்லை. அப்பாவின் ஆதாரை வாங்கிப் படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் கண்ண மூடுங்க."

அப்பா மூடினார்.

"மூக்க இப்படிச் சுருக்குங்க. வாயக் கொஞ்சம் திறங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா மிகுந்த மரியாதையோடு தும்மப் போகிறவர் மாதிரி நின்றார். அந்தப் பெண் தலையாட்டினாள்.

"சரி சார், நீங்கதான்."

அம்மாவின் ஆதாரில் கேள்வியே வரவில்லை. ஒரு கல்யாண வீட்டிலிருந்து நேராகப் போய் எடுத்த படம். பட்டுச் சேலையும் பூவுமாக அழகாக இருப்பாள். ஆனாலும் அம்மா நகரவில்லை. ரேஷன் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது வேண்டாம்மா" என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம்னாலும் ஒருக்கா வாசிச்சுட்டுக் குடு தாயி."

அவள் வாசித்தாள். "குடும்பத் தலைவர்" என்று சத்தமாகவே வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தாள். அத்தையின் அட்டையில் பச்சைப் பெயிண்டை அந்தப் பெண் நகத்தால் சுரண்டிப் பார்த்து, ஏதும் கேட்காமலே விட்டுவிட்டாள். கேட்டிருந்தால் அத்தை பீரோக் கதை முழுவதையும் சொல்லியிருப்பாள். நானும் தாண்டிவிட்டேன். கடைசியாக என் கணவர்.

"சார், இது நகல்."

"இல்லம்மா, அசல். நகல் அடியில இருக்கு."

அவள் கவரிலிருந்த மூன்றையும் வெளியே எடுத்து வைத்தாள். மூன்றும் நகல்; கூடுதலாக விழுந்த ஒன்றுக்கும் அசல் என்று நினைத்து உறை போட்டிருக்கிறார். உறை போட்ட, பளபளப்பான, அருமையான நகல்கள். என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் மெஷின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இங்கனதான் கவுந்து கெடக்கு. பத்திரமா இருக்கு, பயப்படாதிய" என்றார்.

என்னைத் தவிர வேறு யாரிடமும் என் கணவர் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்று என்னிடமும் பேசவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க. நான் லாட்ஜ்ல இருக்கேன்" என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். நூலகச் சீட்டு, கேஸ் புத்தகம், அப்பாவின் பழைய சைக்கிள் உரிமம் எல்லாவற்றையும் கவுண்டர்மேல் எடுத்து வைத்து, அடியிலிருந்து என் கணவரின் வாக்காளர் அட்டையை இழுத்தாள். கல்லூரியில் படிக்கிற காலத்தில் எடுத்தது. பெயர் சரியாக இருந்தது. ஆனால் படத்தில் இருந்தவருக்கு நெற்றியை மூடிக் காதுவரை சுருள்முடி. எதிரே நின்றவருக்குத் தலையில் வெளிச்சம்தான் இருந்தது.

"இது யாரு?" என்றாள் அந்தப் பெண்.

"எம் மருமகன்தான். அப்பம் முடி இருந்துச்சு" என்றாள் அம்மா.

"பொண்ணு பாக்க வந்தப்பவே பாதி போயிருந்துச்சு. நான் அப்பமே சொன்னேன்" என்றாள் அத்தை.

சொன்னதோடு நிற்காமல், குளிருக்கென்று தோளில் போட்டிருந்த கறுப்புக் கம்பளித் துண்டை எடுத்து என் கணவர் தலையில் சுற்றி, முன்பக்கம் கொஞ்சம் சுருட்டி இறக்கிவிட்டாள். அவர் தடுக்கவில்லை. கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளை ஒரு பார்வையிலேயே நடுங்கவைக்கிற மனிதர், தலையில் துண்டோடு அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தபடி நின்றார்.

அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் மேலதிகாரி ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் காதையும் மூக்கையும் மோவாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார், "ஏறுங்க சார்" என்றார். "துண்ட எடுத்துரலாம்."

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புத்தாண்டு பிறந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் திடீரென்று எங்கள் மேசையைச் சுற்றி ஊழியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கையில் கித்தார். மூன்று கேக்குகள், மூன்றிலும் மெழுகுவத்தி. ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருவது அந்தக் கப்பலில் இதுதான் முதல்முறை என்று மைக்கில் அறிவித்தார்கள். கூடத்தில் இருந்த எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். மூத்தவள் என்ற முறையில் அத்தைதான் முதலில் வெட்டினாள்; வெட்டிவிட்டு அப்பாவின் தலையில் கைவைத்து ஆசீர்வாதமும் செய்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா கேக்கைக் கரண்டியால் கிளறிக்கொண்டே அத்தையிடம் கேட்டார்.

"ஏளா, நெசமாவே நான் எப்பம் பொறந்தேன்? அம்ம ஏதும் சொல்லியிருக்காளா?"

"எனக்கு எப்படித் தெரியும்ணே? நான் உனக்குப் பொறவுல்லா பொறந்தேன்."

அப்பா தன் பங்குக் கேக்கில் இருந்த செர்ரிப் பழத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

காலையில் நான் எழுந்து மேல்தளத்துக்குப் போனபோது அம்மா தனியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நாலு பக்கமும் தண்ணீர். ஒரு படகுகூட இல்லை.

"இத்தன வருசம் கடல் பக்கத்துலயே இருந்திருக்கேன். கரை இல்லாமப் பாத்ததே இல்ல" என்றாள்.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல. இவ்வளவு சும்மா கெடக்கே, அதான் பாக்கேன்."

பக்கத்தில் நானும் நின்றேன். காற்று உப்பாக அடித்தது. கீழ்ப்படியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. தோசை வரிசையில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பிடித்திருக்கிறாளாம், பின்னால் நிற்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். அம்மா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னால் போனேன்.